எட்டுப் பேரும் ஒன்றை அமுக்கினார்கள்

அத்தியாயம் பதினான்கு

பூபாலசிங்கம் கட்டிய பாலங்கள் பதினொன்று. ஒன்றும் விழவில்லை. இதை அவர் யாரிடமும் வலியப் போய்ச் சொன்னதில்லை. அறிமுகமாகி ஐந்து நிமிடத்துக்குள் அது தானாகவே வந்து சேர்ந்துவிடும்.

மலேசியப் பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பொறியாளர். ஓய்வு பெற்றபின் சிம்பாங் பூலாய் டயாலிசிஸ் மையத்துக்குத் தலைவர். வீட்டில் துளசிக்கு மாமனார். மூன்றில் கடைசிப் பதவிதான் அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

சென்ற வாரம் அவர் ஒரு கட்டு அழைப்பிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்த இடத்தில் நாம் எழுந்து வந்துவிட்டோம். 'ஞாயிறு காலை பத்து மணி. நான்கு வேன்கள், நாற்பத்தொரு நோயாளிகள், ஒரே கணினித் திட்டம். திறப்பு விழா.' எல்லாம் தங்க எழுத்து. அந்தத் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்த துளசியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அட்டையைப் படித்துவிட்டு, "வியாழக்கிழமை நான் ஐயாவு அண்ணன் வேன்ல போய்ட்டு வந்து சொல்றேன் மாமா" என்றாள். அவள் கணவன் ரஜீவ் அன்றே வேலை விஷயமாகச் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். அவ்வளவு உற்சாகமாகச் சிங்கப்பூர் போனவரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

இன்று வியாழக்கிழமை.

துளசி வேலை செய்யும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐஸ்பெட்டிக் கதவில் அவள் ஒட்டிவைத்த படம் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் பெரிதாகி வெளியே வரும். மாமியார் சரோஜாதேவி அதைப் பார்த்துவிட்டு, மருமகள் கூச்சப்பட்டுக்கொண்டு படம் வரைந்து கேட்கிறாள் என்று இரண்டு பெட்டி கொசுவத்திச் சுருள் வாங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குக் 'கொசுவத்தித் திட்டம்' என்று பெயர்.

"பாலம் கட்டுறவன் முழுப் படத்தையும் போட்டு முடிச்சிட்டுத்தான் முதல் கல்லை வைப்பான்" என்பது பூபாலசிங்கத்தின் கட்சி.

துளசியின் கட்சி வேறு. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது அவள் கேட்பது ஒரே கேள்விதான்: நம்மைக் கவிழ்த்துவிடக்கூடிய பெரிய ஆபத்து இப்போதைக்கு எது? அதைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு செய்ய வேண்டுமோ அவ்வளவுதான் செய்வாள். செய்ததை ஆட்களின் கையில் கொடுப்பாள். அவர்கள் அதை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்ப்பாள். அதில் தெரிந்ததை வைத்து அடுத்த சுற்று. சுலபமானதை முதலில் முடித்து நாலு பேரிடம் சபாஷ் வாங்கும் நல்ல பழக்கம் அவளிடம் இல்லாததால், முதல் இரண்டு மாதம் கமிட்டிக்குக் காட்ட அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

முதல் சுற்றில் அவள் கணினியைத் திறக்கவே இல்லை. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, நாற்பத்தொரு சீட்டில் நாற்பத்தொரு நோயாளிகளின் பெயரை ஒட்டினாள். நான்கு தீப்பெட்டி, நான்கு வேன். இவ்வளவு பேரை இந்த நான்கு வேனால் நேரத்துக்குள் கொண்டுவர முடியுமா முடியாதா? முடியாதென்றால் மென்பொருள் எழுதி என்ன பயன்? மூன்று மாலை சீட்டை நகர்த்தியதில், முதல் ஷிப்டை அரைமணி முன்னால் தொடங்கினால்தான் முடியும் என்று தெரிந்தது. மையம் ஒத்துக்கொண்டது.

"நான் பிள்ளை ரம்மி விளையாடுது எண்டு நினைச்சு, சரோஜாவிட்டச் சொல்லி வருத்தப்பட்டன்" என்று பூபாலசிங்கம் பின்னால் ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் சுற்றின் ஆபத்து, ஓட்டுநர் ஐயாவு. இருபது வருடமாகத் தலைக்குள்ளேயே பாதை வைத்திருப்பவர் கைப்பேசி சொல்வதைக் கேட்பாரா? அதற்காக ஒரு செயலி எழுத அவளுக்கு ஆறு வாரம் ஆகும். ஆகவே பத்து நாள் துளசியே கணினி வேடம் போட்டாள். காலையில் 'அடுத்தது: மாரியம்மா, 9.40' என்று வாட்ஸ்அப் அனுப்புவாள். ஐயாவு அப்படியே கேட்டார். கணினிக்கு தினமும் காலை வணக்கமும் தாமரைப் பூ படமும் அனுப்பினார். எட்டாம் நாள், லாட்டரிக்கு 'நாலு நம்பர் ஏதாச்சும் கொடு தெய்வமே' என்று கேட்டார். உண்மை தெரிந்தபின் ஒரு வாரம் அவர் துளசியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வரியில் சொன்னால் கேட்பார், இரண்டு வரி போனால் படிக்க மாட்டார் என்பது உறுதியாகிவிட்டது. ஆறு வாரம் மிச்சம்.

மூன்றாம் சுற்றுதான் வில்லங்கம்.

ரத்தம் கழுவ வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை நோயாளிக்கு ஒரு போன் போகும். துளசியின் குரலில் பதிவு செய்த கேள்வி: நாளைக்கு வருகிறீர்களா? வருவதானால் ஒன்றை அமுக்கவும். உடம்பு முடியவில்லை, வரவில்லை என்றால் இரண்டை அமுக்கவும். இரண்டு அமுங்கினால் அரைமணிக்குள் நர்ஸ் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்பார். அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நாற்காலி வீணாகாமல் வேறு ஒருவருக்குப் போகும்.

ஐயாவு வேனில் வரும் எட்டுப் பேருக்கு மட்டும் மூன்று வாரம் சோதனை. வாரத்துக்கு மூன்று தடவை. மொத்தம் எழுபத்திரண்டு அழைப்பு. எழுபத்திரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

"நூறு வீதம் பிள்ளை!" என்றார் பூபாலசிங்கம் காலைச் சாப்பாட்டில். அழைப்பிதழ் அச்சடித்ததற்கு அவரிடம் இருந்த நியாயமும் அதுதான். "இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"அதான் மாமா பயமா இருக்கு."

"நூறு வாங்கிப் பயப்படுற பிள்ளையை நான் இப்பதான் பாக்கிறன்."

துளசி நர்ஸின் வருகைப் பதிவைப் படமெடுத்து வைத்திருந்தாள். கைப்பேசியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எழுபத்திரண்டு தடவை வரேன்னு சொல்லியிருக்காங்க. வந்தது அறுபத்தாறு. ஆறு தடவை, ஒன்னை அமுக்கிட்டு ஆளு வரல. ஐயாவு அண்ணன் கதவத் தட்டிப் பாத்துட்டு வந்துட்டாரு. அதுல ஒருத்தர் ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரில கெடந்தாரு."

"ஆறுதானே? பத்துக்கு ஒண்டு கூட வரேல்லை."

"உங்க பாலத்துல எழுபத்திரண்டு போல்ட்டுல ஆறு போல்ட்டு இல்லேன்னா ரிப்பன் வெட்டுவீங்களா மாமா?"

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த இடியப்பம் பாதி வழியில் நின்றது. சரோஜாதேவி சொதி ஊற்றுவதைப் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகளை அவருக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்திருந்தது என்பதை அவர் முதுகே சொன்னது.

"இப்ப என்ன செய்ய வேணும் எண்டுறாய்?"

"நான் வேன்ல போறேன். நீங்க உங்க வோல்வோ காடிய எடுத்துட்டுப் பின்னாலயே வரணும்."

"வெறுங்காடி எதுக்கு?"

"நடுவுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா மத்த ஏழு பேரு காத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

"வெறுங்காடி பின்னால ஓடுறதைச் சவ ஊர்வலத்திலதான் பாத்திருக்கிறன்" என்றார் பூபாலசிங்கம். ஆனால் சாவியை எடுத்தார்.

*

"இன்னிக்குக் கம்ப்யூட்டரே நேர்ல வந்திருக்குலா!" என்று ஐயாவு வேன் கதவை இழுத்துவிட்டார்.

"நம்பர் கேக்காதீங்கண்ணே."

"அத இன்னுமா தங்கச்சி ஞாபகம் வெச்சிருக்கே?"

சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் வேன் ஓடியது. பின்னால் பூபாலசிங்கத்தின் பழைய வோல்வோ, பட்டமளிப்பு விழாவில் நடப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. பூசிங்கில் நாலு மாடி அடுக்குவீட்டின் கீழே மாரியம்மா நின்றார். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இப்போது அந்த வேனின் எதிர்க்கட்சித் தலைவர்.

"என்னா துளசி, கண்ணு உள்ள போயிருச்சு? மாமியா சோறு போடறதில்லயா?"

"போடறாங்க அத்தை. கையில என்ன பொட்டலம்?"

"கச்சாங் பூத்தே. உப்பு போட்டு வறுத்த கடல, புந்தோங் போயிருந்த மக வாங்கியாந்தா. நான் திங்கலமா, உப்பு ஆவாதுல்ல. மோந்து பாக்கத்தான் வெச்சிருக்கேன்."

"பாதி மோந்து பாத்தாச்சு போல" என்றார் ஐயாவு.

"நீ ரோட்டப் பாரு ஐயாவு."

வேன் சிரித்தது. துளசி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, சாயந்திரம் ஒரு போன் வருதுல்ல. அதுல எப்பவாச்சும் ரெண்டை அமுக்கியிருக்கீங்களா?"

"சேச்சே! சாமி சத்தியமா இல்ல. நாங்கள்லாம் கட்டுப்பாடா இருக்கோம்லா."

"என்ன கட்டுப்பாடு?"

மாரியம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒங்கப்பா சொல்லலியா? மகளுக்குப் பெரிய பரீச்சை நடக்குது, எட்டுப் பேரும் ஒன்னத்தான் அமுக்கணும், எவனாச்சும் ரெண்டை அமுக்குனா அவ பெயிலுன்னு வூடு வூடா போன் போட்டாருல்ல? போன வாரம் எனக்குப் பேதி. நிக்க முடியல. அப்பவும் ஒன்னத்தான் அமுக்குனேன். எல்லாம் ஒனக்காகத்தான்."

ஏற்கெனவே ஏறியிருந்த மற்ற ஆறு பேரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். தேர்தலில் கட்சி மாறாமல் ஓட்டுப் போட்டவர்களின் தலையாட்டல்.

துளசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக அவள் நிரலில் வரிவரியாகத் தேடிய பிழை, கல்லுமலைத் தோட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பெயர் இராமசாமி. அவளைப் பெற்றவர். அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

பிறகு சிரிப்பு நின்றது.

நேற்று மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அப்பா ஒன்றை அமுக்கியிருந்தார். எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார். வந்த படத்தைப் பார்த்து அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

*

கல்லுமலைத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய், 'விரைவில்: இரட்டை மாடி வீடுகள்' என்ற பலகை வந்திருந்தது. தோட்டம் என்ற பெயரை மட்டும் யாரும் வாங்கவில்லை.

இராமசாமி வாசலில் தயாராக இருந்தார். குளித்துத் திருநீறு பூசி, முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்தார். வோல்வோவைப் பார்த்ததும் கூடுதலாக நிமிர்ந்தார்.

"வாங்க சம்பந்தி! நீங்களும் வந்திருக்கீங்களா? எம்மக பரீச்சை எப்படிப் போகுது?"

பூபாலசிங்கம் காரைவிட்டு இறங்கிக் கை நீட்டினார். இரண்டு சம்பந்திகளும் எப்போதும் கைகுலுக்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் இரண்டு குடும்பத்துக்கும் தாங்காது. இந்த முறை பூபாலசிங்கம் கையை விடவில்லை.

"கை இப்படிச் சுடுகுதே?"

"வெயிலு சம்பந்தி."

"வெயில் உங்களுக்கு மட்டுமோ அடிக்குது?"

துளசி வந்து அப்பாவின் இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை மேலே ஏற்றினாள். மெஷினுக்காக ஊசி குத்தும் கை அது. முழங்கைக்கு மேல் சிவந்து பளபளத்து, மற்றக் கையைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது.

"எப்பலேர்ந்துப்பா?"

"நேத்துலேர்ந்து."

"அப்பா."

"செவ்வாக்கெழம மெஷின்லேர்ந்து வந்த ராத்திரி. கொஞ்சமா குளுருச்சு. பனடோல் போட்டேன்."

"ஏன்பா ரெண்டை அமுக்கல? அமுக்கியிருந்தா நர்ஸ் அரை மணி நேரத்துல கூப்பிட்டிருப்பாங்களே! ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே!"

"ஒன் பரீச்சையில நானே மண்ணள்ளிப் போடவா?" என்றார் இராமசாமி. "இப்ப என்ன, வேன்ல ஏறிர்றேன். எட்டுக்கு எட்டு ஆயிரும். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்லா."

துளசியின் ஒரு கால் வோல்வோ பக்கம் போனது. மற்றொன்று போகவில்லை. அப்பாவைப் போலவே வேனுக்குள் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏழு பேரும் கட்டுப்பாடாக இருக்கிறார்கள். அதில் யார் சட்டைக் கைக்குள் என்ன இருக்கிறதோ.

பூபாலசிங்கம் சம்பந்தியின் தோளைப் பிடித்து முன் இருக்கையில் உட்காரவைத்தார். முப்பத்து மூன்று வருடம் ஆட்களை வேலைக்கு ஏவியவரின் குரல் திரும்பி வந்திருந்தது.

"இவரை நான் கொண்டு போறன். நீ அந்த ஏழு பேரையும் பார் பிள்ளை. ஒருத்தரையும் விடாமக் கேள்."

வெறுங்காடி இப்போது வெறுங்காடியாக இல்லை. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, துளசியும் சொல்லிக்காட்டவில்லை. அந்தக் குடும்பத்தில் இது அரிய நிகழ்ச்சி.

*

வோல்வோ அதன் வாழ்நாளில் முதல்முறையாக வேகம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டது.

"மெதுவா போங்க சம்பந்தி. எனக்கு ஒன்னுமில்ல."

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

இராமசாமியால் அது முடியாது. "நான் செஞ்சது தப்பா சம்பந்தி?"

பூபாலசிங்கம் முன்னால் போன லாரியை முந்தினார்.

"எங்க தோட்டத்துல வெடியக்காலையில பெரட்டு நடக்கும். கணக்கெழுதற கிராணி பேரு கூப்பிடுவாரு. பேரு கூப்பிட்டா 'இருக்கேன்'னுதான் சொல்லணும். இல்லேன்னு சொன்னா அன்னிக்குப் பேரே இல்ல. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா பக்கத்து லயத்துக்காரன் அவன் பேருக்கும் சேத்துக் கொரல் கொடுப்பான். அப்பறமா ரெண்டு பேரு மரத்தையும் அவனே சீவிருவான். கிராணிக்கும் தெரியும். நாங்க யாரும் யாரையும் காட்டிக் கொடுத்ததில்ல. எங்களப் போயி, வரியா வரலியான்னு போன்ல கேட்டா நாங்க என்னன்னு சொல்லுவோம்?"

கோப்பெங் சாலை வந்து சேர்ந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"சம்பந்தி, நாங்கள் ஒரு பாலத்தைத் திறக்க முதல் என்ன செய்வம் தெரியுமோ?" என்றார் பூபாலசிங்கம். "கல் ஏத்தின லொரியளைக் கொண்டு வந்து நடுவில நிப்பாட்டுவம். எட்டு லொரி, பத்து லொரி. பாலம் எவ்வளவு வளையுது எண்டு அளப்பம்."

"ஒடஞ்சிருச்சுன்னா?"

"அதைப் பாக்கத்தான். மந்திரி கார் போகேக்க உடையிறதை விட, கல் லொரி நிக்கேக்க உடையிறது நல்லம்." விளக்கு பச்சையானது. "பரீட்சை உங்கட மகளுக்கு இல்லை. அவள் எழுதின சாமானுக்கு. பரீட்சை வச்சது அவள்தான். நீங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து கல் லொரியில பஞ்சை ஏத்தி விட்டிட்டியள்."

இராமசாமி வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப எம்மக பெயிலா?"

"பெயிலோ? நான் முழுப் பாலத்தையும் கட்டி முடிச்சிட்டுத்தான் லொரியைக் கொண்டு வருவன். பிழை எண்டால் முழுப் பாலத்தையும் இடிக்க வேணும். உங்கட மகள் ஒவ்வொரு தூணுக்கும் லொரி கொண்டு வாறாள். சீட்டுக்கட்டில ஒண்டு. ஐயாவுவை வச்சு ஒண்டு. எட்டுப் பேர் பிழையா அமுக்கினதை எட்டுப் பேரோட நிக்கேக்கயே பிடிச்சுப்போட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேரோட ரிப்பன் வெட்டியிருப்பன்." அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "எனக்கு எழுபத்து ரெண்டு வயசு. கொசுவத்தி எண்டு பகிடி பண்ணினன்."

பதினொரு பாலம் கட்டியவர் துளசியைப் பற்றி இப்படிப் பேசியது இராமசாமிக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. ஆனாலும் அவருக்குக் குளிர் நடுக்கம் தொடங்கியிருந்தது. பூபாலசிங்கம் குளிரூட்டியை அணைத்துவிட்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிவரை ஓட்டினார்.

*

துளசி வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. வேனில் ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருந்தாள். ஏழு பேரும் நன்றாக இருந்தார்கள். இவ்வளவு ஆரோக்கியமானவர்கள் எதற்கு டயாலிசிஸ் செய்கிறார்கள் என்று புரியாத அளவுக்கு நன்றாக இருந்தார்கள். நம்பாமல் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர்களை மெஷினில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பாவுக்குக் கையில் நோய்த்தொற்று. வார்டில் சேர்த்தாகிவிட்டது, மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அது ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று சோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று தொடங்கிய இளம் டாக்டர், துளசியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்று மணிவாக்கில் பூபாலசிங்கம் கட்டில் ஓரமாக நின்றபடியே மையத்தின் செயலாளர் பழனியப்பனுக்குப் போன் போட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை திறப்பு இல்லை."

அந்தப் பக்கக் குரல் வார்டுவரை கேட்டது. "கார்டு அடிச்சாச்சே தலைவரே! ஆளுக்கெல்லாம் சொல்லியாச்சே!"

"அடிச்சது நான். நானே வீடு வீடாப் போய்ச் சொல்லுறன்."

"அதெப்படி? இன்னிக்கு ஆறு மணிக்குக் கமிட்டியக் கூட்டறேன். காரணத்த அங்க வந்து சொல்லுங்க. தலைவர் பதவி வேணாம்னாலும் அங்கயே சொல்லிரலாம்."

பூபாலசிங்கம் போனைப் பைக்குள் போட்டார். தலைவர் நாற்காலியில் பழனியப்பனுக்கு நெடுநாளாக ஒரு கண் என்பது ஊரறிந்த விஷயம். அவர் அதைப் பற்றி யோசிப்பவராகத் தெரியவில்லை. மருமகளைப் பார்த்துத் திரும்பி, இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"சரி பிள்ளை. இப்பத்தைக்குப் பெரிய ஆபத்து எது?"

துளசி நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை.

"கேள்விதான் மாமா. நீங்க நல்லாருக்கீங்களான்னு கேட்டா நம்ம ஆளுங்க நல்லாருக்கேன்னுதான் சொல்வாங்க. ஒன்னு ரெண்டுன்னு எதை மாத்தினாலும் அதேதான். போன்ல சொன்னாலும் அதேதான், நேர்ல உக்காந்து கேட்டாலும் அதேதான். இன்னிக்கு ஏழு பேரு கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்."

"தன்னைப் பற்றிக் கேட்டால் சொல்ல மாட்டினம்." பூபாலசிங்கம் யோசித்தார். "உங்கட அப்பா வாற வழியில சொன்னவர். பெரட்டில ஒருத்தனுக்குக் காய்ச்சல் எண்டால் பக்கத்து லயத்துக்காரனுக்கு அது தெரிஞ்சிருக்குமாம். அவன்தான் சேத்துக் குரல் குடுப்பானாம்."

துளசி அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். பிறகு கட்டில் அருகே குனிந்தாள். இராமசாமி அரைத் தூக்கத்தில் இருந்தார். அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"அப்பா, மாரியம்மா அத்தை எப்படி இருக்காங்க?"

"அவளா?" கண்ணைத் திறக்காமலே இராமசாமி சொன்னார். "பாவம்மா. மூனு நாளா ராத்திரியில நெஞ்ச அடைக்குதாம். உக்காந்துக்கிட்டுத்தான் தூங்கறாளாம். ஒனக்குத் தெரிய வேணாம்னுட்டா."

ஒரே கேள்வி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுபத்திரண்டு அழைப்பில் வராத பதில் வந்துவிட்டது.

பூபாலசிங்கம் மருமகளைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று அவள் கவனிக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஐயாவுவின் எண்ணை அழுத்தியிருந்தாள்.

"அண்ணே, வேன் எங்க இருக்கு? மாரியம்மா அத்தை உங்ககூட இருக்காங்களா?"

"இப்பதான் பூசிங்ல எறக்கி விட்டேன் தங்கச்சி. மெஷின்ல நல்லாத்தான் இருந்தாங்க, நர்ஸக்கூட கிண்டல் பண்ணிக்கிட்டு. சிரிச்சிக்கிட்டேதான் போனாங்கலா. நான் கீழ தேத்தண்ணிக் கடையில ஒரு தே ஓ குடிச்சிக்கிட்டு நிக்கறேன்."

"லிஃப்ட்ல ஏறினத பாத்தீங்களா?"

"லிஃப்ட்டா? அது மூனு நாளா ரோசாக்லா, ஓடல. படியிலதான் போறாங்க. நாலாவது மாடி."

"ஓடுங்கண்ணே!"

கண்ணாடிக் கிளாஸ் மேசையில் இடிக்கும் சத்தம் கேட்டது. ஐயாவு போனை வைக்க மறந்துவிட்டார். சிமெண்டுப் படியில் அவர் செருப்புச் சத்தம் மேலே ஏறியது. "மாரியம்மாக்கா!" முதல் மாடி. மூச்சு வாங்கியது. "யக்கா, நில்லுங்க!" இரண்டாம் மாடி. பூபாலசிங்கம் நெருங்கி வந்து போனில் காதை வைத்தார். அருகே போர்வைக்குள்ளிருந்து இராமசாமி, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

மூன்றாம் மாடியில் செருப்புச் சத்தம் நின்றது. மாரியம்மாவின் பொட்டலத்துக் கச்சாங் பூத்தே படியில் உருண்டு இறங்கும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.